ஆமினா பீவி எடை தூக்காமல் இருந்த ஆறு மாதங்கள்

இதயத்தை எக்கோ ஸ்கேன் செய்வது என் தொழில். வெளிச்சம் குறைந்த சின்ன அறையில், இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பவரின் நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து, திரையில் தெரியும் இதயத்தை அளப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். பதினான்கு வருடங்களாக இதே வேலை. பெரும்பாலானோரின் முகம் அடுத்த வாரம் நினைவில் இருக்காது. ஆமினா பீவி மட்டும் மறக்கவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "என் பேருக்கு என்னலா குறை?" என்றார்.

முதன்முதலில் அவர் என் அறைக்கு வந்தது 2023 மே மாதம். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. வெளிர்நீலத் தலைத்துணி, கையில் ஒரு துணிப்பை, பைக்குள் பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. கட்டிலில் ஏறிப் படுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பேச்சை வளர்த்தார். அப்படித்தான் அவர் கதை எனக்குக் கொஞ்சம் தெரியவந்தது.

சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் தேக்கா உணவங்காடி நிலையத்தில் அவரும் கணவர் ஜலாலுதீனும் இருபத்தொன்பது வருடம் ஆட்டுச் சூப் கடை நடத்தினார்கள். எலும்பு வாங்குவது, வேகவைப்பது, கொதிக்கும் பானையை ஆளுக்கொரு கைப்பிடி பிடித்து இறக்குவது என்று காலை நான்கு மணிக்கு ஆரம்பிக்கும் வாழ்க்கை. அறுபத்தோரு வயதில் கடையை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஆங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் உடம்பு கனத்தது. ரத்த அழுத்தம் முன்பே இருந்தது, இப்போது மாத்திரைக்கும் அடங்கவில்லை. வீட்டுக்கு எதிரே இருக்கும் மேம்பாலத்தின் படிகளில் ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெளிநோயாளிகளைப் பார்க்கும் பலதுறை மருந்தகத்து டாக்டர்தான் ஒப்புக்கொள்ளாமல் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன்.

"இது என்னோடதா?"

"ஆமா ஆண்ட்டி."

"நல்லாத்தானே அடிக்குது. அப்புறம் என்ன பிரச்சினை?"

"சுருங்குறது நல்லா இருக்கு. சுருங்கின பிறகு தளர்ந்து விரியணும்ல, அதுதான் கொஞ்சம் மெதுவா இருக்கு. மத்ததை டாக்டர் சொல்வாங்க."

வருடக்கணக்கான ரத்த அழுத்தத்தால் இதயத்தின் சுவர் தடித்து இறுகிப்போவது அந்த வயதுப் பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைவதில்லை. ஆனால் இறுகிய அறைக்குள் ரத்தம் எளிதாக நிரம்பாது. ஓய்வாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. படி ஏறும்போதுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில் எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு ஆரம்பித்திருந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஆறு மாதம் எடை தூக்கிப் பழகினால் அவர்கள் இதயத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. டாக்டர் கேட்டதும் ஆமினா பீவி சிரித்துவிட்டாராம். "இருபத்தொம்பது வருஷம் பானை தூக்கினவளுக்கா எடை தூக்கச் சொல்லித் தரப் போறீங்க?" ஆனாலும் சேர்ந்தார். ஒரே தளத்தில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் தங்கத்தையும் சேர்த்துவிட்டார். தங்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆமினா பீவியை விட ஒரு வயது இளையவர், அவரும் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

ஆய்வில் சேர்ந்தவர்களைக் கணினி குலுக்கிப்போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு வாரம் இரண்டு முறை எடைப் பயிற்சி செய்யும். மற்றொரு குழு அதே சமூக மன்றத்தில், பக்கத்து அறையில், கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்யும். கடைச் சாமான் தூக்குவது போன்ற அன்றாட வேலைகளுக்குத் தடை இல்லை. ஆனால் ஆறு மாதம் முடியும்வரை வேறு எங்கேயும் எடைப் பயிற்சி தொடங்கக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கும் ஒரு விதி இருந்தது. யார் எந்தக் குழு என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆய்வில் சேர்ந்ததைச் சொல்ல அவர் என் அறைக்கு வந்தபோதே அவரிடம் சொன்னேன்.

"அடுத்த தடவை வரும்போது நீங்க எந்தக் குழுன்னு என்கிட்ட சொல்லாதீங்க ஆண்ட்டி."

"ஏன்மா?"

"தெரிஞ்சா என் கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி தேட ஆரம்பிச்சிடும்."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இனிச் சொல்லப்போவது எல்லாம் ஆய்வு முடிந்த பிறகு அவரும் தங்கமும், ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் ரக்ஷனாவும் சொல்லித் தெரிந்தது.

தங்கத்துக்கு எடை விழுந்தது. ஆமினா பீவிக்கு நீட்டி மடக்குவது விழுந்தது.

முதல் மாதம் இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். தங்கம் உடம்பெல்லாம் வலி என்று புலம்பினார். இரண்டாவது மாதம் புலம்பல் நின்றது. நான்காவது மாதம் தங்கம் இருபது கிலோ இரும்புக் குண்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தார். பத்துக் கிலோ அரிசி மூட்டையை லிஃப்டிலிருந்து வீடு வரைக்கும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார், வழியில் நின்று ஆமினா பீவியோடு பேசவும் செய்தார். மேம்பாலத்தில் தங்கம் மேலே போய் நின்று, கீழே படியேறி வந்துகொண்டிருக்கும் தோழிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். தனக்காக ஒருவர் காத்திருப்பதுதான் ஆமினா பீவிக்கு மிகவும் உறுத்தியது.

"அக்கா, நானும் ரெண்டு டம்பெல் வாங்கி வெச்சிருக்கேன். என் வீட்டுக்கு வாங்க. அங்க சொல்லிக் குடுக்கிறதை அப்படியே உங்களுக்குச் சொல்லித் தரேன்" என்று தங்கம் கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்க ரெண்டு பானையில சூப் வெச்சு ருசி பாக்குறாங்க, தங்கம். ஒண்ணுல போட்டதை இன்னொண்ணுலயும் திருட்டுத்தனமா போட்டுட்டா என்னத்தை ருசி பாக்கிறது?"

ரக்ஷனா இதைக் கேள்விப்பட்டபோது, தன் ஆய்வுத் திட்டத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை என்று சொன்னாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஜலாலுதீன் குளியலறையிலிருந்து வரும்போது வாசலில் வழுக்கி விழுந்தார். அவருக்கு எழுபத்துமூன்று வயது, எழுபத்தொரு கிலோ. சத்தம் கேட்டு ஆமினா பீவி ஓடிவந்து பார்த்தபோது, அவர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருந்தார்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கையைக் குடு, எந்திரிச்சிடறேன்."

கையைக் கொடுத்தார். எழுப்ப முடியவில்லை. பின்னால் போய் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தார். பல்லைக் கடித்து மூச்சை இறுக்கிப் பிடித்து இரண்டாவது முறை இழுத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு அடித்த அடியில் காது கேட்கவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கணவனும் மனைவியும் ஈரத்தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜலாலுதீன்தான் சொன்னார், "தங்கத்தைக் கூப்பிடு."

தங்கம் வந்தார். அவசரப்படவில்லை. "இடுப்பு வலிக்குதாண்ணே? காலை மடக்க முடியுதா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். அவரை மெல்லத் திருப்பி முழங்காலில் நிற்கவைத்து, கையை நாற்காலியில் ஊன்றச் சொன்னார். "அக்கா, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க." இருவரும் தூக்கினார்கள். ஜலாலுதீன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மருத்துவரிடம் காட்டினார்கள். எலும்பு முறியவில்லை, இடுப்பில் ரத்தம் கட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று பகல் முழுக்க ஆமினா பீவி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தொம்பது வருஷம் பானை தூக்கின கை. சொந்தப் புருஷனைத் தூக்க முடியல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னபோதும் அவர் தன் உள்ளங்கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் வந்து தூக்கியதில் அவருக்கு நன்றி இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரக்ஷனாவின் தொலைபேசி அடித்தது.

"ரக்ஷனாவா பேசறது? நான் ஆமினா பீவி. சனிக்கிழமை எடை தூக்கிட்டேன்மா."

"எவ்வளவு ஆண்ட்டி?"

"எழுபத்தொரு கிலோ. அதுல பாதிதான் என் பங்கு. என் வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. உங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சா?"

ரக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அங்கிளின் நலத்தை விசாரித்தாள். பிறகு, ஆய்விலிருந்து எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது, விலகினால் நாளைக்கே வேறு இடத்தில் பயிற்சி ஆரம்பிக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

ஆமினா பீவி ஒன்றை மட்டும் கேட்டார்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஏழு வாரம் ஆண்ட்டி."

"ஏழு வாரம்தானே. இருந்துட்டே போறேன். சனிக்கிழமை நடந்ததை மட்டும் ஃபைல்ல எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். அந்த வரி இன்றும் ஆய்வுக் கோப்பில் இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரம் அவர் இரண்டாவது ஸ்கேனுக்கு என்னிடம் வந்தார். போன முறை ஓயாமல் பேசியவர், இந்த முறை உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு படுத்திருந்தார். "உடம்பு சரியில்லையா ஆண்ட்டி?" என்றேன். "வாயைத் திறந்தா ஏதாவது வந்துடும். நீ வேலையைப் பாரு" என்றார். அளந்தேன். மே மாதம் இருந்தது போலவேதான் இருந்தது. சுவரின் தடிப்பும் மாறவில்லை, தளரும் வேகமும் மாறவில்லை.

வெளியே போனதும் அவர் ரக்ஷனாவின் மேசைக்கு நேராக நடந்து, "எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

ஆய்வு முடிந்ததும் நீட்டி மடக்கும் குழுவினருக்கும் எடைப் பயிற்சி தருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். நாற்பது பேரில் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் இயன்முறை சிகிச்சையாளர் ஷங்கர், முப்பத்தைந்து வயது இளைஞர். முதல் நாள் எடை எதையும் தரவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். ஆமினா பீவியால் நான்கு முறை எழ முடிந்தது. ஐந்தாவது முறை உட்கார்ந்தபடியே நெஞ்சில் கைவைத்தார்.

"படபடன்னு அடிக்குது தம்பி. இது நல்லதா, கெட்டதா?"

"பேச முடியுதா ஆண்ட்டி?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்போ பயமில்லை. நெஞ்சை இறுக்கிப் பிடிச்சாலோ, தலை சுத்தினாலோ, உடனே நிறுத்திட்டு என்கிட்ட சொல்லணும். இது வேலை செய்யற இதயம் போடுற சத்தம்."

பெரிய தொந்தரவு வேறொன்றாக இருந்தது. கனமான எதைத் தொட்டாலும் ஆமினா பீவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். கொதிக்கும் சூப் பானையை இறக்கும்போது பழகிய பழக்கம். அப்படி மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் எங்கேயோ ஏறிவிடும் என்று ஷங்கர் பலமுறை சொல்லிப் பார்த்தார். தலையாட்டுவார், அடுத்த முறையும் அடக்குவார். கடைசியில் ஷங்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். தூக்கும்போது சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. ஆமினா பீவிக்குக் கடைப் பழக்கத்தில் எண்ணிக்கை மலாயில்தான் வந்தது. சாத்து, டுவா, தீகா என்று அவர் எண்ண, இரண்டு வாரத்தில் பத்தொன்பது பெண்களும் மலாயில் எண்ண ஆரம்பித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சீனப் பெண்கள்.

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. பிப்ரவரியில் முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுத்துவிட்டார். நோன்பு மாதத்தில் எடையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பெருநாள் முடிந்து திரும்பி வந்தபோது முன்பு எளிதாகத் தூக்கியதைத் தூக்க முடியாமல், அன்று வீட்டுக்குக் கோபமாகத்தான் போனார். ஒரு நாள் ஷங்கரிடம் நேராகவே கேட்டார்.

"நான் தூக்கறது காலாலயும் கையாலயும். இதயத்துக்கு இதுல என்ன லாபம்?"

"உங்க கால் பலமா இல்லேன்னா, ஒவ்வொரு படிக்கும் இதயம் ஓடிவந்து கைகொடுக்கணும் ஆண்ட்டி. கால் தன் வேலையைத் தானே செஞ்சுக்கிட்டா இதயம் அலட்டிக்காம இருக்கும். ரத்தக் குழாயும் கொஞ்சம் இளகும். அழுத்தம் குறைஞ்சா, அது அடிச்சுத் தள்ளவேண்டிய சுமை குறையும்."

"அப்போ நான் இங்க இதயத்துக்கு வேலைக்காரி சேர்த்து விடறேன்."

"அப்படித்தான்" என்றார் ஷங்கர்.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் விடவில்லை. 2025 பிப்ரவரியில் வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்காக மீண்டும் என் கட்டிலில் வந்து படுத்தார். இது ஆய்வைச் சேர்ந்தது அல்ல, அதனால் இந்த முறை தாராளமாகப் பேசலாம். ஏறிப் படுத்தபோது மூச்சு வாங்கவில்லை. ஆறு மாதக் கதை முழுவதையும், தங்கத்தின் அரிசி மூட்டையிலிருந்து எழுபத்தொரு கிலோ வரைக்கும், அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். கேட்டுக்கொண்டே அளந்தேன்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண் 154லிருந்து 136க்கு வந்திருந்தது, மாத்திரை அதேதான். இதயச் சுவரின் தடிப்பு அப்படியே இருந்தது. தளரும் வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. எனக்கே சந்தேகமாக இருந்ததால் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண்.

"முன்னைக்கு இப்போ கொஞ்சம் நல்லா இளகுது ஆண்ட்டி. பெரிய மாற்றம்னு சொல்ல முடியாது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார்.

"போதும்லா. அறுபத்தொம்பது வருஷம் பழைய சாமான். இவ்வளவு இளகினதே பெருசு."

அன்று வேலை முடிந்து போகும்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. என் அம்மாவின் வயதுள்ள பெண்களுக்கு நாம் எத்தனை முறை 'கனமா எதையும் தூக்காதீங்க' என்று சொல்லியிருப்போம். அக்கறையில்தான் சொல்கிறோம். கூடவே அவர்கள் கையிலிருந்து ஒவ்வொரு சுமையாக வாங்கிக்கொண்டே வருகிறோம். கடைசியில் ஒருநாள் அவர்களுக்குத் தங்கள் உடம்பே தூக்க முடியாத சுமையாகிவிடுகிறது. அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வகுப்பில் சேர்த்தேன். அம்மா இன்னும் என்னைத் திட்டிக்கொண்டுதான் போகிறார்.

அதே வருடம் ஆகஸ்டில், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எல்லோரையும் அழைத்து முடிவுகளைச் சொன்னார்கள். எடைக் குழுவில் ரத்த அழுத்தம் சராசரியாக ஐந்து புள்ளி இறங்கியிருந்தது. கால் பலமும் நடையும் நன்றாகக் கூடியிருந்தன. இதயம் தளரும் வேகத்தில் சிறிய முன்னேற்றம். ஆறு மாதத்தில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் திசை நல்ல திசை என்றார் ஆய்வை நடத்திய டாக்டர். பிறகு ஒரு சங்கடமான விஷயத்தையும் சொன்னார். நீட்டி மடக்கும் குழுவில் ஏழு பேர் வீட்டில் ரகசியமாக எடைப் பயிற்சி செய்திருக்கிறார்கள். கடைசியில் அவர்களே ஒப்புக்கொண்டதால் கணக்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஆமினா பீவி கையைத் தூக்கினார். ரக்ஷனா ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"டாக்டர், நாங்க மீதிப் பேர் ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தோமே, அது எதுக்காவது உதவுச்சா?"

டாக்டர் திரையில் இருந்த படத்தைக் காட்டினார். இரண்டு கோடுகள். ஒன்று கீழே இறங்கியது, மற்றொன்று சமமாக ஓடியது.

"இறங்கற கோடு மட்டும் இருந்திருந்தா, எடை தூக்கினதால இறங்குச்சா, இல்ல தானாவே இறங்குச்சான்னு யாருக்கும் சொல்லத் தெரியாது. இந்தச் சமமான கோடு நீங்கதான், மேடம். இது இல்லாம எங்களால ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க முடியாது."

ஆமினா பீவி அந்தக் கோட்டைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்க மறந்து அவர் உட்கார்ந்துவிட்டதால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அந்த வருடக் கடைசியில் அவரும் ஜலாலுதீனும் உம்ரா யாத்திரை போய் வந்தார்கள். மக்காவிலிருந்து தங்கத்துக்கு அனுப்பிய குரல் செய்தியைத் தங்கம் எனக்குப் போட்டுக் காட்டினார். பின்னால் கூட்டத்தின் சத்தம், நடுவே ஆமினா பீவியின் குரல். "தங்கம், சஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவுல ஏழு தடவையும் நடந்தே முடிச்சிட்டேன். எங்கேயும் நிக்கல. இவருக்குத்தான் நாலாவதுல கால் வலிச்சிடுச்சு, வீல்சேர் எடுத்தோம். நான்தான் தள்ளினேன்."

ஊர் திரும்பிய மறுநாள் செவ்வாய்க்கிழமை, எடைப் பயிற்சி வகுப்பு நாள். பயணக் களைப்பு தீர ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார் ஷங்கர். அதற்குள் பேரீச்சம்பழப் பொட்டலங்களை எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, தலைத்துணியை இறுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாராம் ஆமினா பீவி.